காலடியில் நசுங்கும் காற்று

"பெரிய பூங்காக்களில் பாதையை விட்டு விலகி நடக்காதீர்கள் என்று எழுதிவைக்கிறார்களே, நான்கு பேர் மரத்தடியில் நடந்தால் என்ன கெட்டுவிடும்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். காடும் புல்வெளியும் ஏரியுமாகப் பல நூறு ஹெக்டேர் விரிந்துகிடக்கும் பூங்கா, இன்னும் 50 ஆண்டுகள் கழித்தும் மக்கள் உலவும் இடமாகவும் உயிரினங்களின் வாழிடமாகவும் ஒருங்கே நிலைக்குமா என்பது பெரிதும் இந்தக் கேள்வியைச் சார்ந்தே இருக்கிறது.

நல்ல மேல்மண்ணின் கன அளவில் ஏறக்குறைய பாதி வெற்றிடம். மரத்தடி மண்ணில் ஒரு கட்டியை எடுத்து விரல்களால் பிட்டால் அது பொலபொலவென உதிரும். மண்புழு போன வழிகளும், மட்கிப்போன வேர்கள் விட்டுச்சென்ற குழல்களும் கண்ணுக்கே தெரியும். அகலமான துளைகளின் வழியே மழைநீர் இறங்குகிறது, அது வடிந்தபின் காற்று புகுகிறது. குறுகலான துளைகள் நீரைப் பிடித்துவைக்கின்றன. வேரும் சுவாசிக்கிறது என்பதைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம்.

காலடி பட்டதும் முதலில் நசுங்குபவை அகலமான துளைகளே. மண் அறிவியலில் என்னை மிகவும் கவர்ந்த இடமும் இதுதான். குழாயில் சீராக ஓடும் நீரின் அளவு அக்குழாயுடைய ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப மாறுகிறது. ஆரம் பாதியானால், அதே அழுத்தத்தில் ஓட்டம் 16-இல் ஒரு பங்காகிவிடும். ஆகவே வெற்றிடத்தின் மொத்த அளவு சிறிதே குறைந்தாலும், நீர் உள்ளே இறங்கும் வேகம் பல மடங்கு சரிந்துவிடுகிறது. நீர் வடியாமல் எஞ்சிய துளைகளிலும் தேங்கிவிட, காற்றில் பரவுவதைவிட நீரில் ஆக்சிஜன் ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவாகவே பரவும் என்பதால், வேருக்கு மூச்சு முட்டுகிறது. மரம் அன்றே சாய்ந்துவிடுவதில்லை. சில ஆண்டுகளில் உச்சிக்கிளைகள் காய்கின்றன, பிறகு பூச்சியோ பூஞ்சையோ தாக்குகிறது, பழியும் அவற்றின் மேலேயே விழுகிறது.

சேதம் காலடிகளின் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் வளர்வதுமில்லை. தொடக்க நடைகளிலேயே மண் பெரும்பாலும் இறுகிவிடுகிறது. அதன்பின் ஆயிரம் பேர் அதே தடத்தில் நடந்தாலும் கூடுதல் சேதம் குறைவு. எனவே கூட்டம் மிகுந்த பூங்காவில் மக்களைப் பரவலாக நடக்கவிடுவது நல்லெண்ணத்தால் செய்யும் பிழை. உறுதியாக அமைத்த சில பாதைகளில் அனைவரையும் நடக்கவைத்து, எஞ்சிய நிலத்தைத் தொடாமல் விடுவதே அறிவியலுக்கு ஒத்த திட்டம். ஈரமண் எளிதில் இறுகும் என்பதால், கனமழைக்குப் பின் சில தடங்களை மூடிவைப்பதும் அதில் சேர வேண்டும்.

மண் இறுகுவதைக் கண்காணிக்கப் பெரிய கருவிகள் தேவையில்லை: குறிப்பிட்ட கொள்ளளவுள்ள உலோக வளையத்தால் மண்ணை எடுத்து, 105 பாகை செல்சியஸில் உலர்த்தி, எடைபோட்டால் அதன் அடர்த்தி தெரிந்துவிடும். அலங்கார வளைவுகளுக்கும் நீரூற்றுகளுக்கும் ஒதுக்கும் பணத்தில் சிறு பகுதியையேனும் ஆண்டுதோறும் தவறாத இந்த அளவீட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏனெனில் குறுக்குவழி ஒன்றை மூடிச் சருகை மூடாக்காகப் பரப்பினால் மண்புழுக்களும் புதிய வேர்களும் மேல்மண்ணை மெல்ல இளக்கத் தொடங்கும். ஆனால் ஆழத்தில் இறுகிய மண் பழைய நிலைக்குத் திரும்பப் பல பத்தாண்டுகள்கூட ஆகலாம்; அந்த நிலை வருமுன்பே இறுக்கத்தைக் கண்டறிய வேண்டும்.