ஒரு கார்னர் விழுந்தால் அணி ஏன் சரிகிறது?

மாரியம்மன் நோம்பியை ஒட்டி நடக்கும் இரவுக் கபடிப் போட்டிகளைக் கோபி, காங்கயம், பல்லடம் பக்கம் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல: முதல் இரண்டு சுற்றை அடித்துத் தூக்கிய அணி, அரையிறுதியில் சுருண்டுவிடும். விசாரித்தால் ஒரே ஒருவருக்குத்தான் அடிபட்டிருக்கும். ஏழு பேரில் ஒருவர் குறைந்ததற்கா இத்தனை சரிவு? மாற்று ஆட்டக்காரர் வந்துவிடுகிறாரே! ஆனால் கபடியில் புள்ளி எடுத்தால்தான் அவுட்டானவர் உள்ளே வர முடியும். புள்ளி எடுப்பவர் போனால் ஆள்பலமும் கூடவே கரையும்.

ஆண்கள் ஆட்டம் 20 நிமிடம் வீதம் இரண்டு பாதி; ஒரு ரெய்டுக்கு, அதாவது ஒருவர் ‘கபடி, கபடி’ என்று பாடிக்கொண்டே எதிரணிக் களத்துக்குள் போய்த் திரும்ப, 30 நொடி. இரு அணியும் மாறி மாறிப் போவதால் ஓர் அணிக்குச் சுமார் 40 ரெய்டு. முதன்மை ரெய்டர் அதில் பாதியைப் பாடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு அடிபட்டால் அந்த 20 ரெய்டும் இரண்டாமவர் தலையில் விழும். அவர் தயங்கி, அடுத்தடுத்த இரண்டு ரெய்டு புள்ளியில்லாமல் போனால், மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும். இல்லையேல் பாடிப் போனவர் அவுட். எதிரணி அதற்கென்றே காத்திருந்து மடக்கும். பிறகு, பிடிப்பதையே வேலையாகக் கொண்ட, பாடிப் பழகாத கவர் போவார், அவரும் சிக்குவார். இப்படி எல்லோரும் வெளியேறி ஆல் அவுட் ஆனால் எதிரணிக்குக் கூடுதலாக 2 புள்ளி. களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நிற்கும்போது எதிரணி ரெய்டரைப் பிடித்தால் கூடுதலாக 1 புள்ளி என்பது மட்டுமே ஆறுதல்.

இருந்தாலும் ரெய்டரைவிட, பிடிப்பவர் வரிசையின் ஓரத்தில் நிற்கும் கார்னரை இழப்பதுதான் மோசம். கார்னர் கணுக்காலைப் பிடித்த கணமே பக்கத்துக் கவர் பாய்ந்து இடுப்பை அடைக்க வேண்டும். தாமதித்தால் ரெய்டர் காலை உதறி நடுக்கோட்டைத் தொட்டுவிடுவார். இருவரும் சேர்ந்து ஆடி ஆடித்தான் இந்தக் கணக்கு படியும். தறிப்பட்டறையில் நைட் ஷிஃப்ட் பார்க்கும் மாற்று ஆட்டக்காரருக்கு அது எங்கே கிடைக்கும்? அவசரத்துக்கு வலது கார்னரை இடதுக்கு மாற்றுவார்கள். முன்வைக்கும் காலும் பிடிக்கும் கையும் தலைகீழாகி, ஒரு ஓட்டை இரண்டாகும். சுமாரான ஆளாக இருந்தாலும் காலியான இடத்திலேயே நிறுத்துவது மேல்.

அடிபடுவதில் கெட்டது முட்டிதான். ஓடும் வேகத்தில் காலை ஊன்றித் திரும்பும்போது முட்டி உள்பக்கம் மடங்கினால், யாரும் மோதாமலேயே, முட்டியை உள்ளிருந்து தாங்கும் முன் சிலுவைத் தசைநார் (ACL) கிழியலாம். மண்ணில் கால் கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும். கபடி விரிப்பில் (மேட்) ஷூ கவ்விக்கொள்ள, உடம்பு மட்டும் திரும்பும். ‘டப்’பென்று சத்தம் கேட்டு, சில மணி நேரத்தில் வீங்கினால் பெரும்பாலும் இதுதான். ஐஸைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வைத்து, கிரேப் பேண்டேஜ் கட்டி, காலை உயர்த்தி வைக்க வேண்டும். முதல் இரண்டு நாள் எண்ணெய் போட்டு நீவவே கூடாது. உள்ளே ரத்தக்கசிவு கூடும்.

சில வாரத்தில் வலி குறைந்து நன்றாகவே நடப்பார். அடுத்த ஊர் நோம்பிக்கு வேன் ஏறுவதும் அப்போதுதான். தாங்கிப் பிடிக்கத் தசைநார் இல்லாத முட்டி களத்தில் நழுவி, எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் சவ்வும் கிழியும். அறுவை சிகிச்சை செய்துகொண்டால் களம் திரும்பக் குறைந்தது 9 மாதம். நாள் கணக்கு மட்டும் போதாது, ஒற்றைக் காலில் தாண்டவிட்டு டேப் பிடித்து அளக்க வேண்டும். நல்ல கால் 150 செ.மீ. தாண்டினால் மற்றது 135-ஐயாவது எட்ட வேண்டும். எட்டினாலும், தரையிறங்கும்போது முட்டி உள்பக்கம் சாய்ந்தால் இன்னும் தேறவில்லை என்றே பொருள்.