வில்லின் முதுகைச் சீவாதீர்கள்

தருமபுரி அருங்காட்சியகத்தில் இருக்கும் நடுகற்களைப் பார்த்தால், ஒரு கையில் வில்லோடு நிற்கும் வீரர்கள் கண்ணில் படுவார்கள். கல்லில் வில் என்பது ஒரு வளைந்த கோடு, அவ்வளவுதான். அதைச் செய்துதான் பார்ப்போமே என்று பென்னாகரம் சாலையில் ஒரு கடையில் முற்றிய கல்மூங்கில் கழி வாங்கி வந்தேன். பிளந்து, செதுக்கி, பார்க்க அழகாக இருக்கட்டும் என்று வெளித்தோலையும் வழவழப்பாகச் சீவினேன். நாலாவது இழுப்பில் படார்!

தப்பு அந்தச் சீவலில்தான்.

ரப்பர் செருப்பு ஒன்றை மடக்கிப் பாருங்கள். வெளிப்பக்கம் இழுபடும், உட்பக்கம் சுருங்கி மடிப்பு விழும். வில்லிலும் இதேதான். எய்பவரைப் பார்த்த பக்கம் வயிறு, அது நசுங்குகிறது. எதிரியைப் பார்த்த பக்கம் முதுகு, அது நீள்கிறது. வயிறு தோற்றால் மெதுவாகத் தோற்கும்: நார்கள் கொஞ்சம் கொஞ்சமாக நசுங்கி, நாணைக் கழற்றினாலும் வில் நேராகாமல் கூன் போட்டு நிற்கும். முதுகு அப்படியில்லை. அங்கே அறுபட்ட நாரின் நுனியில் ஒரு சிம்பு கிளம்பினால் போதும், விரிசல் அப்படியே உள்ளே ஓடிவிடும். மூங்கிலில் வலுவான நார்கள் நெருக்கமாக இருப்பதும் வெளித்தோலை ஒட்டித்தான். நான் சீவி எறிந்தது அதைத்தான்.

ஆக, சீவுவதெல்லாம் வயிற்றுப் பக்கம். அதிலும் அவசரம் ஆகாது. விறைப்பு, தடிமனின் மும்மடிப் பெருக்கத்தை (தடிமன் × தடிமன் × தடிமன்) பொறுத்தது. 10 மில்லிமீட்டரை 9 ஆக்கினால் விறைப்பில் கால் பங்குக்கு மேல் போய்விடும். அகலத்தில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தால் போவதும் பத்தில் ஒரு பங்குதான். அதனால் கடைசிக் கட்டத்தில் உளியை வைத்துவிட்டு, உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டுவேன். பத்துச் சுரண்டலுக்கு ஒருமுறை இழுத்துப் பார்ப்பேன். வில்லின் இரண்டு கையும், அதாவது பிடிக்கு மேலும் கீழும் உள்ள பாதிகள், ஒரே மாதிரி வளைய வேண்டும்.

சரி, சில வில்களின் முதுகில் மரப்பட்டை ஒட்டியிருக்குமே, அது எதற்கு? சைபீரியா போன்ற குளிர்ப் பகுதிகளில் மரவில்லின் முதுகில் பூர்ஜ (birch) மரப்பட்டையை ஒட்டுவார்கள். நமக்குப் பனையோலை போல, காஷ்மீரத்தில் ஏடாக இருந்த அதே பட்டை. அது வில்லுக்கு வலுவூட்டுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, அது மழைக்கோட்டு. மரம் காற்றின் ஈரத்தைக் குடித்தால் தொய்ந்துவிடும், ரொம்பக் காய்ந்தால் முறியும். பூர்ஜப் பட்டையில் மெழுகு போன்ற பொருள் இருப்பதால் தண்ணீர் ஊடுருவாது. மெல்லியது என்பதால் வில்லோடு சேர்ந்து வளையும். நுனியில் எடை கூட்டி அம்பின் வேகத்தையும் குறைக்காது. வெந்நீரில் ஊறவைத்து, உட்பக்கத்தைச் சுரண்டி, வஜ்ஜிரம் (விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை) தடவி, துணி நாடாவால் இறுக்கிக் கட்டிக் காயவிட வேண்டும். ஈரம் பட்டால் வஜ்ஜிரமே இளகும். ஆகவே பட்டை தன்னைப் பிடித்திருக்கும் பசைக்கும் சேர்த்தே குடை பிடிக்கிறது.

மூங்கிலுக்கு இந்த ஒட்டுவேலை வேண்டாம். அதன் தோலிலேயே மெழுகு உண்டு. திறந்து கிடப்பது சீவிய வயிறும் வெட்டிய நுனிகளும்தான். அங்கே ஆளிவிதை எண்ணெய் பூசினேன். நல்லெண்ணெய் எத்தனை நாள் ஆனாலும் பிசுபிசுக்கும். இது காற்றுப் பட்டு உறைந்து படலமாகிவிடும். இரண்டாவது வில்லை இப்போது மரல் நார் நாணோடு எய்துகொண்டிருக்கிறேன். எய்து முடித்ததும் நாணைக் கழற்றிவிடுவேன், வயிறு பாவம்.