மாவு மூட்டை வரும் வழி

சுங்கை சிப்புட்டில் நான் பசியாறப் போகும் ஒட்டுக்கடை அண்ணன், 2022இல் மாவு விலை ஏறியபோது ஒரு கேள்வி கேட்டார். "நமக்குக் கோதுமை பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலிருந்துதானே வருது? உக்ரைன்ல சண்டைன்னா ரொட்டி சானாய்க்கு என்ன?"

நியாயமான கேள்வி. மலேசியாவில் கோதுமைப் பயிர் இல்லை. எல்லாம் கப்பலில்தான் வருகிறது.

அந்த ஆண்டு பிப்ரவரி 24இல் போர் தொடங்கியது. உலகக் கோதுமை ஏற்றுமதியில் ஏறக்குறைய 30 விழுக்காடு அப்போது ரஷ்யா, உக்ரைன் இரண்டுடையது. விளைந்த தானியம் எங்கும் போய்விடவில்லை. ஒடேசா போன்ற கருங்கடல் துறைமுகங்கள் அடைபட்டு, கடலில் கண்ணிவெடிகளும் மிதந்தன. காப்புறுதி இல்லாமல் எந்த முதலாளியும் கப்பலை அனுப்பமாட்டார். போர்க்கடலுக்கு அந்தக் கட்டணம் எகிறியது. சுமார் 2 கோடி டன் தானியம் கிடங்குகளில் முடங்கியது. பழையது வெளியேறாவிட்டால் அடுத்த அறுவடையை எங்கே கொட்டுவது?

ரயிலில் அனுப்பலாமே என்று தோன்றும். உக்ரைன் தண்டவாளத்தின் அகலம் 1,520 மில்லிமீட்டர், போலந்தில் 1,435. எல்லையில் சரக்கை வண்டி மாற்ற வேண்டும், அல்லது சக்கரத்தையே மாற்ற வேண்டும். தானியக் கப்பல்களுக்குக் கருங்கடலில் வழிவிடும் இஸ்தான்புல் ஒப்பந்தத்துக்குப் பிறகு, ஆகஸ்ட் 1இல் ஒடேசாவிலிருந்து கிளம்பிய முதல் கப்பலான ரஸோனியில் 26,000 டன் மக்காச்சோளம் இருந்தது. ஒரு ரயில் பெட்டிக்கு 65 டன் என்று வைத்தால், அதை ஏற்ற 400 பெட்டிகள் வேண்டும். ஒரே ஒரு கப்பலுக்கே இந்தக் கணக்கு.

இனி அண்ணனின் கேள்வி. எகிப்து தன் இறக்குமதிக் கோதுமையில் சுமார் 80 விழுக்காட்டை அந்த இரு நாடுகளிடமே வாங்கிவந்தது. அந்த வழி அடைபட்டதும் அதுபோன்ற நாடுகள் மற்ற சந்தைகளுக்கு ஓடின. ஆஸ்திரேலிய மூட்டைக்கும் ஆள் கூடியது. சிகாகோ சந்தையில் மார்ச் மாதம் ஒரு புஷல், அதாவது 27 கிலோ, 13 டாலரைத் தாண்டியது. மே 13இல் இந்தியாவும் கோதுமை ஏற்றுமதிக்குத் தடை போட்டது. ஒருவன் கதவைச் சாத்தினால் பக்கத்து வீட்டுக்காரனும் சாத்துகிறான். நாம் மட்டும் என்ன, ஜூன் 1 முதல் கோழி ஏற்றுமதியை நிறுத்தினோம், சிங்கப்பூர் தவித்தது. நம் கோழி தின்னும் மக்காச்சோளமும் இறக்குமதிதான், அதன் விலையும் ஏறியிருந்தது.

நம் செம்பனைத் தோட்டத்துக்கு இந்தப் போர் இரண்டு முகம் காட்டியது. உலகச் சூரியகாந்தி எண்ணெய் ஏற்றுமதியில் பாதியளவு அப்போது உக்ரைனுடையது. அது நின்றதும் செம்பனை எண்ணெய் டன்னுக்கு 7,000 வெள்ளியை (ரிங்கிட்டை) கடந்தது. ஆனால் செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரத்தில் ரஷ்யாவும் பெலாரசும் பெரிய கைகள். உரம் எட்டாத விலைக்குப் போனபோது சிறுதோட்டக்காரர்கள் சிலர் அளவைக் குறைத்தார்கள். மரம் உடனே முகம் சுளிக்காது. குலை சிறுப்பது ஓரிரு ஆண்டு கழித்துத்தான் தெரியும்.

இதெல்லாம் இந்த ஊருக்குப் புதிதல்ல. இரண்டாம் உலகப் போருக்கு முன் மலாயா நிலத்தில் ரப்பரை நட்டுவிட்டு, அரிசியில் பெரும்பகுதியை பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வாங்கித் தின்றது. ஜப்பான்காரன் காலத்தில் அரிசிக் கப்பல் வரத்து சுருங்கியதும் தோட்டத் தொழிலாளர் லயத்து ஓரமெல்லாம் மரவள்ளி முளைத்தது. காலையும் அதுதான், இரவும் அதுதான். எங்கள் பாட்டி அதற்குப் பிறகு சாகும்வரை மரவள்ளிக்கிழங்கை வாயில் வைக்கவில்லை.