80 மில்லிகிராம் போதுமென்றால் 1000 எதற்கு?

சிறுநீரகக் கல்லுக்குச் சிகிச்சை முடிந்து, உணவு ஆலோசனைக்காக என்னிடம் வந்த ஒருவர் பையிலிருந்த மருந்துகளை மேசைமேல் எடுத்து வைத்தார். இரத்த அழுத்த மாத்திரை ஒன்றுதான் மருத்துவர் எழுதித் தந்தது. மற்றவை எல்லாம் அவராகவே வாங்கியவை: வைட்டமின் சி 1000 மில்லிகிராம், வைட்டமின் இ 400 யூனிட், துத்தநாகம் 50 மில்லிகிராம், இவை போதாதென்று ‘ஆன்டிஆக்ஸிடன்ட்’ (செல்களைச் சேதத்திலிருந்து காக்கும் பொருள்) என்று கொட்டை எழுத்தில் போட்ட ஒரு கேப்சூல். அந்தக் கேப்சூல் அட்டையின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தால், அதிலும் அதே சி, அதே இ, அதே துத்தநாகம். கொரோனா காலத்தில் தொடங்கியதை அவர் நிறுத்தவே இல்லை. இப்படி ஒரு பையைப் பார்க்காமல் எனக்கு ஒரு வாரம்கூடக் கழிவதில்லை.

உங்களுக்கு ஒரு நாளைக்கு 80 மில்லிகிராம் வைட்டமின் சி போதுமே என்றேன். “அது நோய் வராமல் இருப்பதற்கான குறைந்தபட்சம்தானே மேடம்? நன்றாக இருக்க வேண்டுமென்றால் அதிகம் வேண்டாமா?” என்று கேட்டார். படித்தவர்கள், படிக்காதவர்கள் எல்லோரும் இதையேதான் கேட்கிறார்கள். சில மருந்துக் கடைகளிலும் இதையே சொல்லி விற்கிறார்கள். ஆகவே பொறுமையாக ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

குறைந்தபட்சம் எவ்வளவு என்பது வேறு கணக்கு. இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் தன்னார்வலர்களுக்கு வைட்டமின் சி இல்லாத உணவைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஸ்கர்வி (வைட்டமின் சி குறைந்து ஈறில் இரத்தம் கசியும் நோய்) வந்தவர்களுக்கு அது குணமாக நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் போதுமானதாக இருந்தது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் பரிந்துரைத்தது ஆண்களுக்கு 80, பெண்களுக்கு 65. ஸ்கர்வியைத் தடுக்கும் அளவைப்போல் பல மடங்கு அது. அந்த எண் வந்த வழியையும் பாருங்கள். ஆரோக்கியமானவர்களில் பாதிப்பேருக்குப் போதுமான சராசரித் தேவையை முதலில் கணக்கிடுகிறார்கள். ஆளுக்கு ஆள் தேவை மாறும் என்பதால், அதற்கு மேல் கணிசமாகக் கூட்டி, நூற்றுக்கு 97 பேருக்காவது போதும் என்ற இடத்தில் நிறுத்துகிறார்கள். அதாவது உங்கள் உண்மையான தேவை பெரும்பாலும் அந்த எண்ணைவிடக் குறைவு. கூடுதல் ஏற்கெனவே அதற்குள் சேர்ந்திருக்கிறது. அதன்மேல் நீங்கள் பன்னிரண்டு மடங்கு போடுகிறீர்கள். 1000 மில்லிகிராமை ஒரே வேளையில் விழுங்கினால் குடல் அதில் பாதியளவைத்தான் உறிஞ்சும். உறிஞ்சியதிலும் மிச்சம் சிறுநீரில் போய்விடும்.

‘ஆன்டிஆக்ஸிடன்ட் என்றால் தனிக்கணக்கு, புற்றுநோயைத் தடுக்குமே’ என்பது அடுத்த வாதம். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவ நிறுவனத்தின் குழு வைட்டமின் சி, வைட்டமின் இ, செலினியம், கரோட்டினாய்டுகள் (பீட்டா கரோட்டின் போன்ற காய்கனி நிறமிகள்) எல்லாவற்றையும் சேர்த்து ஆராய்ந்தது. நாள்பட்ட நோய்களைத் தடுக்கும் என்ற காரணத்துக்காகப் பரிந்துரை அளவை உயர்த்த அந்தக் குழு மறுத்துவிட்டது. புகைபிடிப்பவர்களுக்கு மட்டும் வைட்டமின் சி 35 மில்லிகிராம் கூடுதலாக வேண்டும் என்றது. பீட்டா கரோட்டினுக்குப் பரிந்துரை அளவு எதையும் அது நிர்ணயிக்கவில்லை.

அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. காய்கறி, பழங்கள் அதிகம் சாப்பிடுபவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்பது தெரிந்த சங்கதி. அந்தப் பலன் பீட்டா கரோட்டினால் வருகிறது என்று நம்பி, பின்லாந்தில் 29,133 ஆண் புகைபிடிப்பாளர்களை வைத்து ஆய்வு நடத்தினார்கள். முடிவு 1994-இல் வந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம்! அமெரிக்காவில் புகைபிடிப்பவர்களிடமும் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களிடமும் பீட்டா கரோட்டினையும் வைட்டமின் ஏ-வையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வை, புற்றுநோய் கூடியதால் 1996-இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். வைட்டமின் இ 400 தினமும் எடுத்த ஆண்களிடம் புரோஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகம் என்று 2011-இல் தெரிந்தது. இவ்வளவும் வெளிவந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்னமும் அதே 400 கேப்சூல் என் மேசைக்கு வருகிறது.

வந்தவரின் கல்லுக்கு வைட்டமின் சி மாத்திரைதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் வைட்டமின் சி உடலில் ஓரளவு ஆக்சலேட்டாக மாறுகிறது; சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை உருவாவது அந்த உப்பால்தான். அந்த மாத்திரை எடுத்த ஆண்களுக்குக் கல் உண்டாகும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்று 2013-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு சொல்கிறது. ஏற்கெனவே கல் இருப்பவருக்கு இது தேவையா?

தோல் சீவாத ஒரு நடுத்தரக் கொய்யாப்பழம் சாப்பிடுங்கள். நூறு கிராமில் சுமார் 200 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. அன்றைய தேவை அதிலேயே தீர்ந்து மிஞ்சும்.

புகைபிடிப்பவர்கள், அண்மையில் விட்டவர்கள் உட்பட, பீட்டா கரோட்டின் உள்ள மாத்திரையைத் தொடவே தொடாதீர்கள். வார்ஃபரின் (இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வைட்டமின் இ எடுக்காதீர்கள், இரத்தக்கசிவு ஏற்படலாம். துத்தநாகம் 50 மில்லிகிராமை மாதக்கணக்கில் விழுங்கினால் உடலில் தாமிரம் குறைந்து இரத்தசோகை வரக்கூடும். புற்றுநோய்க்குக் கீமோவோ கதிர்வீச்சோ எடுத்துக்கொண்டிருக்கும்போது ‘சத்து மாத்திரைதானே’ என்று எதையும் மறைக்காதீர்கள், தயவுசெய்து உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் அட்டையோடு காட்டுங்கள். அதிக அளவு வைட்டமின் சி எடுப்பவர்கள் சிறுநீர்ப் பரிசோதனைக்குப் போகும்போதும் அதைச் சொல்லிவிடுங்கள். சிறுநீரில் இரத்தமோ சர்க்கரையோ இருந்தாலும், சோதனைப் பட்டை இல்லையென்று காட்டிவிடக்கூடும்.