ஸ்டியரிங் ஆட்டம் எங்கிருந்து வருகிறது? எஃப்சிக்கு முன் கழற்ற வேண்டியவையும் கை வைக்கக் கூடாததும்

வண்டியை நேராக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கை லேசாக இடமும் வலமும் அசைத்தால், முன்சக்கரம் அசையும் முன்பே ஸ்டியரிங் மட்டும் கொஞ்ச தூரம் சும்மா போய்வரும். அதைத்தான் ஆட்டம் என்கிறோம். பட்டறையில் 'பிளே'. எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு) வண்டி காட்டும்போது பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) முதலில் கை வைக்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98ஆவது விதி இதற்காகவே இருக்கிறது. ஸ்டியரிங் சக்கரத்தில் ஆட்டம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. இணைப்புகளில் உள்ள பால் ஜாயின்ட் (கிண்ணத்துக்குள் உருண்டை அசையும் மூட்டு) அத்தனைக்கும் ரப்பர் மூடி இருக்க வேண்டும். போல்ட், பின் எல்லாம் கழன்றுவிடாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும். பலர் முதல் நிபந்தனையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு போய், கிழிந்த ரப்பருக்கும் காணாமல் போன ஸ்ப்ளிட் பின்னுக்கும் (நட்டு கழலாமல் தடுக்கும் பிளவுக் கம்பி) திரும்பி வருகிறார்கள். சரக்கு வண்டிக்கும் வாடகை வண்டிக்கும் 8 வயது வரை 2 ஆண்டுக்கு ஒரு முறையும், அதன்பின் ஆண்டுதோறும் இந்தச் சோதனை உண்டு.

450 மி.மீ விட்டமுள்ள லாரி ஸ்டியரிங்கின் விளிம்பில் 30 டிகிரி என்பது சுமார் 118 மி.மீ, கிட்டத்தட்ட அரைச் சாண். அது விதி பொறுத்துக்கொள்ளும் உச்ச வரம்பு. அவ்வளவு ஆட்டத்தோடு தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் லோடோடு இறங்குவது ஆபத்து. 60 கி.மீ வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்கு 16 மீட்டருக்கு மேல் போகிறது. அந்த அரைச் சாணைக் கை கடக்க அரை வினாடி ஆனால், அதற்குள் 8 மீட்டர் யாருடைய பிடியிலும் இல்லாமல் ஓடிவிடும்.

இவ்வளவு பெரிய ஆட்டத்துக்குக் காரணமான தேய்மானம் மிகச் சிறியது. டிராப் ஆர்ம் (ஸ்டியரிங் தண்டின் அடியிலுள்ள பற்சக்கரப் பெட்டியான ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து தொங்கும் கை) 200 மி.மீ நீளம், ஸ்டியரிங் விகிதம் 20க்கு 1 (ஸ்டியரிங் 20 டிகிரி திரும்பினால் டிராப் ஆர்ம் 1 டிகிரி) என்று வைத்துக்கொள்வோம். டிராப் ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியான டிராக் லிங்க்கின் ஒரு முனையில் 1 மி.மீ இடைவெளி விழுந்தால் டிராப் ஆர்ம் 0.29 டிகிரி வீணாகத் திரும்பும். அதை 20ஆல் பெருக்கினால் ஸ்டியரிங்கில் ஏறக்குறைய 6 டிகிரி, விளிம்பில் 22 மி.மீ. கையின் பலத்தை 20 மடங்காக்கிச் சக்கரத்துக்குக் கொடுக்கும் அதே அமைப்புதான் தேய்மானத்தையும் 20 மடங்காக்கிக் கைக்குக் காட்டுகிறது. டிராக் லிங்க்குக்கு இரண்டு முனை. இரண்டும் 1 மி.மீ தேய்ந்தால் 12 டிகிரி அங்கேயே போய்விட்டது. மீதியை ஸ்டியரிங் பாக்ஸும், ஸ்டியரிங் தண்டின் யூஜே கிராஸும் (சாய்ந்த தண்டுகளை இணைக்கும் சிலுவை மூட்டு), கிங் பின்னும் (முன்சக்கரம் இடமும் வலமும் திரும்பும் அச்சாணி) பங்கு போட்டுக்கொள்கின்றன.

முன்பக்கம் ஒரே அச்சும் ஸ்பிரிங் பட்டையும் உள்ள லாரியில் ஒரு மறைவான சிக்கல் உண்டு. டிராக் லிங்க் வலது சக்கரத்தைத்தான் நேரடியாகத் திருப்புகிறது. வலதிலிருந்து இடதுக்கு அசைவைக் கொண்டுபோவது டை ராடு. டை ராடு எண்டு (டை ராடின் முனையிலுள்ள பால் ஜாயின்ட்) எவ்வளவு தேய்ந்தாலும், வலது சக்கரம் உடனே திரும்பிவிடுவதால் ஸ்டியரிங்கில் அது பெரிதாகத் தெரியாது. இடது சக்கரம் மட்டும் தன் போக்கில் ஆடிக்கொண்டிருக்கும். ஸ்டியரிங்கை அசைத்துப் பார்த்து "நல்லாதான் இருக்கு" என்று முடிவுகட்டுவது இதனால்தான் போதாது. சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தே ஆக வேண்டும்.

ஆட்டத்தைக் குறைக்கப் பலர் எடுக்கும் குறுக்குவழி, ஸ்டியரிங் பாக்ஸின் மேலுள்ள அட்ஜஸ்டிங் ஸ்குருவை இறுக்குவது. இதைத்தான் செய்யவே கூடாது. வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால், பாக்ஸுக்குள் பற்கள் நடுப்பகுதியில்தான் அதிகம் தேயும். இரண்டு ஓரமும் புதிதாகவே இருக்கும். தேய்ந்த நடுவுக்கு ஏற்றபடி ஸ்குருவை இறுக்கினால், வளைவில் திரும்பும்போது தேயாத பற்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாது. சோதனையில் ஆட்டம் குறைவாகக் காட்டிய அதே வண்டி கொண்டை ஊசி வளைவில் இறுகி நிற்கும். அந்த ஸ்குரு இருப்பது, மற்ற எல்லா மூட்டும் சரி என்று உறுதியான பிறகு, டிராக் லிங்க்கைக் கழற்றிவிட்டு, பாக்ஸை நடுநிலையில் வைத்து, கம்பெனி சொன்ன அளவுக்கு அமைக்க மட்டுமே.

ஆட்டத்தைத் தேடச் சரியான வழி இதுதான். பவர் ஸ்டியரிங் என்றால் இன்ஜின் ஓடட்டும். நின்றிருந்தால் உள்ளே உள்ள வால்வின் அசைவும் ஆட்டம் போலத் தெரியும். வண்டியின் பாரம் தரையிலேயே இருக்கட்டும். ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் சின்னச் சின்னதாக அசைக்க, இன்னொருவர் ஒவ்வொரு மூட்டின் மேலும் விரலைக் குறுக்காக வைத்துப் பார்க்க வேண்டும். பாதி விரல் மூட்டின் கிண்ணத்திலும் பாதி விரல் ஆர்மிலும் இருந்தால், கண்ணுக்குத் தெரியாத அரை மி.மீ கூட விரலுக்குத் தெரிந்துவிடும். பிறகு பின்சக்கரத்துக்குக் கட்டை போட்டு, அச்சின் அடியில் ஜாக்கி கொடுத்து, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கடிகார முள்ளின் 9க்கும் 3க்கும் நேராகப் பிடித்து ஆட்டுங்கள். டை ராடு ஆட்டம் தெரியும். 12க்கும் 6க்கும் நேராகப் பிடித்து ஆட்டினால் கிங் பின் அல்லது வீல் பேரிங். இரண்டில் எது? ஒருவர் பிரேக்கை மிதிக்கட்டும். ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின்.

டை ராடு எண்டின் உள்ளே கடினப்படுத்திய எஃகு உருண்டை ஒன்று கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கிறது. அடியில் ஒரு ஸ்பிரிங், சுற்றிலும் கிரீஸ், மேலே ரப்பர் மூடி. மூடி கிழிந்தால் முதலில் தண்ணீர் போய் கிரீஸைக் கெடுக்கும், அடுத்து தூசி. கிருஷ்ணகிரி, தர்மபுரி கிரானைட் குவாரிப் பாதைகளில் ஓடும் வண்டிகளில் அந்தத் தூசி கல் மாவு. கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸ் சாதாரண எஃகைவிடக் கடினமானது. கிரீஸோடு கலந்தால் அது வால்வு தேய்க்கும் பசை போல உருண்டையை அரைத்துவிடும். ஆட்டமே இல்லாத எண்டிலும் மூடி கிழிந்திருந்தால் விதி ஏன் விடுவதில்லை என்பது இப்போது புரியும். மூடி மட்டும் கிழிந்து, கிரீஸ் சுத்தமாக இருந்தால் மூடியை மாற்றலாம். கிரீஸ் சாம்பல் நிறத்தில் நெறுநெறுவென்று இருந்தால் எண்டையே மாற்றுங்கள்.

எண்டு வாங்கும்போது இடது மரையா (இடப்பக்கம் திருகும் புரி) வலது மரையா என்று சொல்லி வாங்க வேண்டும். டை ராடின் ஒரு முனை வலது மரை, மறுமுனை இடது மரை. கழற்றும் முன் மரை வெளியே தெரியும் நீளத்தை ஸ்கேலால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, ஸ்ப்ளிட் பின்னைப் பிடுங்கி, நட்டைக் கழற்றுங்கள். எண்டின் தண்டு கூம்பு வடிவில், சக்கரத்தைத் திருப்பும் ஸ்டியரிங் ஆர்மின் துளையில் இறுகியிருக்கும். அதைப் பிடித்திருப்பது உராய்வு. நட்டு அதை உள்ளே இழுத்து வைத்திருக்கிறது. ஆகவே புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) போட்டு எடுப்பதே நல்லது. இல்லையென்றால், ஆர்ம் கண்ணின் (துளையுள்ள முனையின்) ஒரு பக்கம் கனமான சுத்தியலை முட்டுக் கொடுத்து, எதிர்ப்பக்கம் இன்னொரு சுத்தியலால் ஓங்கி ஒரு அடி. கண் ஒரு நொடி நசுங்கி விரிய, கூம்பு விட்டுவிடும். தண்டின் மரை மேல் அடிக்காதீர்கள். கேஸ் வெல்டிங் நெருப்பை ஆர்மில் காட்டவே காட்டாதீர்கள். பதப்படுத்திய எஃகு சூட்டில் இளகிவிடும். வளைந்த டை ராடைச் சூடாக்கி நிமிர்த்துவதும், விரிசல் விட்ட டிராப் ஆர்மை வெல்டு வைப்பதும் உயிரோடு விளையாடுவது.

புதிய எண்டை மாட்டும்போது கூம்பிலும் துளையிலும் கிரீஸ் தடவக் கூடாது, உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு மாட்ட வேண்டும். டார்க் ரென்ச்சில் கம்பெனி அளவுக்கு இறுக்கிய பிறகு ஸ்ப்ளிட் பின் துளை நேராக வரவில்லையென்றால், அடுத்த பள்ளம் வரை இன்னும் இறுக்குங்கள், தளர்த்தக் கூடாது. பழைய பின்னைத் திரும்பப் போடாதீர்கள்.

மரையை அளந்து எழுதச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. மரையின் இரு புரிகளுக்கு இடைவெளி 1.5 மி.மீ என்றால், டை ராடை ஒரு சுற்று சுற்றினால் இரு முனையும் சேர்ந்து நீளம் 3 மி.மீ மாறும். ஸ்டியரிங் ஆர்ம் 150 மி.மீ, டயர் விட்டம் 750 மி.மீ என்றால், டோ-இன் (இரு முன் டயர்களுக்கு இடையே முன்பக்க, பின்பக்க அளவுகளின் வித்தியாசம்) 15 மி.மீ மாறிவிடும்! டோ-இன் கெட்டால் டயர் என்ன ஆகும்? 3 மி.மீ தவறு என்றாலே, ஒவ்வொரு முன் டயரும் ஒரு கி.மீ-க்கு 2 மீட்டர் பக்கவாட்டில் இழுத்துத் தேய்க்கப்படுகிறது. தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஏறத்தாழ 50 கி.மீ, ஒரு நடைக்கு 100 மீட்டர் தேய்ப்பு. தானியங்கிச் சோதனை நிலையத்தில் தரையில் பதித்த சைடு ஸ்லிப் தட்டு அளப்பது இதைத்தான். ஆகவே எண்டு மாற்றிய அன்றே அலைன்மென்ட். கம்பியால் அளந்தால், அச்சு உயரத்தில் டயரின் முன்பக்கம் சாக்பீஸ் குறி போட்டு அளந்து, வண்டியை முன்னே தள்ளி அதே குறிகள் பின்பக்கம் வந்ததும் மறுபடி அளக்க வேண்டும். அப்போதுதான் ரிம்மின் கோணல் கணக்கில் கலக்காது.

கிங் பின் வேலை பெரியது. லேத் பட்டறை வேண்டும். பின், மேல் புஷ், கீழ் புஷ், த்ரஸ்ட் பேரிங் (மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்குவது), சிம் (இடைவெளியை நிரப்பும் தகடு), பூட்டுப் பின் எல்லாம் செட்டாகவே மாறும். புஷ்ஷின் கிரீஸ் துளை ஸ்டப் ஆக்ஸிலின் (சக்கரம் மாட்டும் துண்டு அச்சு) துளைக்கு நேராக வர வேண்டும். இரண்டு புஷ்ஷையும் நீளமான ஒரே ரீமரால் (துளையை அளவாகக் கடையும் கருவி) ஒரே நேர்கோட்டில் ரீமர் அடிக்க வேண்டும். தனித்தனியாக அடித்தால் பின் சாய்ந்து, ஸ்டியரிங் கனமாகி, சில மாதத்தில் புஷ் ஒரு பக்கமாகத் தேய்ந்துவிடும். அச்சின் கண்ணே பெரிதாகியிருந்தால் புதுப் பின்னால் பயனில்லை. கிரீஸ் அடிக்கும்போது அச்சை ஜாக்கியில் தூக்குங்கள். பாரம் இறங்கினால்தான் த்ரஸ்ட் பேரிங்கின் அழுந்திய முகத்துக்குள் கிரீஸ் நுழையும்.

ரேக் வகை ஸ்டியரிங் (பல் வெட்டிய கம்பி இடமும் வலமும் நகர்ந்து சக்கரத்தைத் திருப்புவது) உள்ள கார், சின்ன வண்டிகளில் பார்க்க வேண்டியவை குறைவு: வெளி எண்டு, ரேக் எண்டு, அதன் மடிப்பு ரப்பர், லோயர் ஆர்ம் பால் ஜாயின்ட். ரேக் எண்டின் ஆட்டம் வெளியே தெரியாது. மடிப்பு ரப்பரின் மேல் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு சக்கரத்தை ஆட்டினால் உள்ளே தட்டுவது கைக்குத் தெரியும்.

வேலையை எஃப்சி தேதிக்கு முந்தைய நாள் வைத்துக்கொள்ளாமல், 3, 4 நாள் முன்பே முடியுங்கள். பாலக்கோடு, இராயக்கோட்டை தக்காளி லோடு ஒரு நடை ஓடிவந்த பிறகு நட்டு, கிளாம்ப் போல்ட் எல்லாவற்றையும் மறுபடி பாருங்கள். இறுக்கியதும் நட்டின் குறுக்கே பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்து வைத்திருந்தால், அந்தக் கோடு உடைந்திருக்கிறதா என்று டார்ச் அடித்தாலே போதும்.