ஆழம் கூடக் கூட இறுகும் கடிகாரம்

"சில ஆயிரம் ரூபாய்க்கு நான் வாங்கிய கேசியோ டூரோவின் முகப்பில் 200 மீட்டர் என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஒன்பதாயிரம் டாலருக்கு மேல் விற்கும் ரோலெக்ஸ் சப்மரைனரில் 300 மீட்டர் என்று இருக்கிறது. நூறு மீட்டர் ஆழம் கூடுதலாகத் தாங்குவதற்காகவா இவ்வளவு பணம்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். கடிகாரம் சேகரிப்பவர்கள் நெடுநாளாகத் தங்களுக்குள் வாதிட்டுவரும் கேள்வி இது. அந்தப் பணம் மெருகுக்கும், இயந்திரத்தின் துல்லியத்திற்கும், பெயருக்கும் போகிறது. ஆழத்திற்குப் போவது அதில் சிறு பங்குதான் என்பது என் கருத்து. நீரை வெளியே நிறுத்துவது, சரியாகச் சிந்தித்தால், மலிவாகவே செய்துவிடக்கூடிய வேலை. அதைச் செய்துகாட்டிய, அம்ஃபிபியா என்ற சோவியத் கடிகாரத்தின் பின்மூடியைப் பற்றி இங்கே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

நீருக்குள் 10 மீட்டர் இறங்கும்போதெல்லாம் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது என்று பள்ளியில் படித்திருப்போம். 200 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மீதும் 20 கிலோவுக்குச் சற்று அதிகமான எடை அழுத்தும். கடிகாரக் கண்ணாடியின் விட்டம் 30 மி.மீ. என்றால் அதன் பரப்பு 7 சதுர செ.மீ.; ஆக, மொத்தம் 140 கிலோவுக்கு மேல். ஏறக்குறைய இரண்டு பெரிய அரிசி மூட்டைகளின் கனம் அது. எஃகால் ஆன உடல் இதைத் தாங்கிவிடும். நீர் நுழையப் பார்ப்பது இணைப்புகளின் வழியாகத்தான்: கண்ணாடியின் விளிம்பு, சாவி கொடுக்கும் திருகு, பின்மூடி.

பெரும்பாலான முக்குளிப்புக் கடிகாரங்களில் பின்மூடி, போத்தல் மூடியைப் போல மரையிட்டுத் திருகப்படுகிறது. அதற்கும் உடலுக்கும் இடையில் ஒரு மெல்லிய ரப்பர் வளையம், அதாவது கேஸ்கட், நசுங்கி இடைவெளியை அடைக்கிறது. மூடி சுழலும்போது ரப்பரையும் இழுத்து உரசுகிறது. வளையம் முறுக்கிக்கொண்டாலோ, அது அமரும் பள்ளம் துல்லியமாகக் கடையப்படாவிட்டாலோ நீர் கசியும். ஆகவே இம்முறையில் நம்பகத்தன்மை வேண்டுமென்றால் உலோகத்தை மிக நுணுக்கமாகக் கடைய வேண்டும்; நுணுக்கம் கூடினால் செலவும் கூடும்.

1960-களில் சோவியத் ஒன்றியத்தின் வோஸ்டாக் தொழிற்சாலையில் பணியாற்றிய மிகையீல் நோவிகோவ், வேரா பெலோவா ஆகிய பொறியாளர்கள் இதே சிக்கலை வேறு திசையிலிருந்து அணுகினார்கள். கடலிலிருந்து வெகு தொலைவில், காமா ஆற்றங்கரையில் உள்ள சிஸ்தபோல் என்ற ஊரில் இருந்தது அத்தொழிற்சாலை. போரின்போது மாஸ்கோவிலிருந்து இடம்பெயர்ந்த கடிகார ஆலையிலிருந்து 1942-இல் உருவானது. மிகத் துல்லியமான கடைசல் வேலையையே நம்பியிராத, 200 மீட்டர் ஆழத்தையும் தாங்குகிற கடிகாரம் அவர்களுக்குத் தேவைப்பட்டது. 1967-இல் அம்ஃபிபியா என்ற பெயரில் அது வெளிவந்தது.

அதன் பின்மூடியில் மரையே இல்லை. அது ஒரு தட்டையான எஃகு வட்டு மட்டுமே. உடலின் விளிம்பில் அகலமான, தடித்த, தட்டையான ரப்பர் கேஸ்கட்டை வைத்து, அதன்மேல் இந்த வட்டைச் சுழலாதபடி அமர்த்தி, பிறகு தனியானதொரு வளையத்தைத் திருகி அதைப் பிடித்துவைக்கிறார்கள். சுழல்வது வளையம் மட்டுமே. மூடி நேர்கீழாக மட்டும் இறங்குவதால் ரப்பர் உரசப்படுவதுமில்லை, முறுக்கப்படுவதுமில்லை. மேலும் இந்த வளையத்தை முழு வலிமையோடு இறுக்க வேண்டிய தேவையே இல்லை, ஏனென்றால் மீதி இறுக்கத்தைக் கடல் பார்த்துக்கொள்கிறது. கடிகாரம் ஆழத்திற்குப் போகப் போக நீர் அந்த வட்டை மேலும் மேலும் உள்நோக்கித் தள்ளுகிறது; வட்டு ரப்பரை மேலும் நசுக்குகிறது; நசுங்கிய ரப்பர் பக்கவாட்டில் விரிந்து, உலோகப் பரப்பிலுள்ள சிறு மேடுபள்ளங்களையும் நிரப்பிக்கொள்கிறது. எந்த அழுத்தம் கதவை உடைக்க வருகிறதோ, அதே அழுத்தம்தான் கதவைப் பூட்டுகிறது.

நம் வீட்டு உள்மூடிக் குக்கரை எண்ணிப் பாருங்கள். மூடியைச் சாய்த்து உள்ளே நுழைத்து, விளிம்புக்கு அடியில் பொருத்துகிறோம். நீராவி பெருகப் பெருக அது மூடியை விளிம்போடு அழுத்திப் பிடிக்கிறது, உள்ளே அழுத்தம் இருக்கும்வரை மூடியைத் திறக்கவும் முடியாது. அங்கே அழுத்தம் உள்ளிருந்து வெளியே. இங்கே வெளியிலிருந்து உள்ளே. தத்துவம் ஒன்றுதான்.

கண்ணாடியிலும் இதே சிந்தனை தொடர்கிறது. அம்ஃபிபியாவின் முகப்பை மூடுவது தடித்த, குவிந்த அக்ரிலிக் பிளாஸ்டிக். அழுத்தம் கூடும்போது அந்தக் குவிவு சற்றே தட்டையாகிறது. தட்டையாகும் குவிவின் விளிம்பு வெளிப்பக்கமாக விரிந்து உலோகச் சட்டத்தோடு இறுகுகிறது. கடினமான நீலக்கல் கண்ணாடியால் இப்படி வளைந்துகொடுக்க முடியாது. அக்ரிலிக்கில் கீறல் எளிதில் விழுகிறதே என்று குறைப்படுபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அந்த மென்மையே அதன் வலிமை, கீறலைப் பற்பசை கொண்டு தேய்த்தே மங்கச் செய்துவிடலாம்.

முதன்முறையாக இக்கடிகாரத்தை வாங்குபவர்களைத் திடுக்கிட வைப்பது அதன் கிரவுன், அதாவது சாவித் திருகு. அதன் மரையைக் கழற்றியதும் அது உடைந்ததுபோலத் தொளதொளவென்று ஆடும். உண்மையில், உள்ளே செல்லும் தண்டோடு அதை விறைப்பாகப் பிணைக்காமல் நெகிழ்வாக இணைத்திருக்கிறார்கள். திருகி மூடும்போது அது தண்டை இழுத்து வளைக்காமல், தன் கேஸ்கட்டின் மேல் தானாகவே நேராக அமர்ந்துகொள்கிறது.

இத்தனையும் சேர்ந்த ஒரு கடிகாரம் நெடுங்காலம் நூறு டாலருக்கும் குறைவாக விற்றது. சேகரிப்பவர்களின் அன்புக்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அவர்கள் அதன் குறைகளை மறைப்பதில்லை. ஒரு நாளைக்கு 20 வினாடி பின்தங்கலாம், 60 வினாடி முந்தலாம் என்று தொழிற்சாலையே வரம்பு வைத்திருக்கிறது. வெளி வளையமான பெசல் இரு திசையிலும் தடையின்றிச் சுழல்வதால் பலர் வாங்கியவுடன் அதைக் கழற்றி வேறொன்றைப் பொருத்துகிறார்கள். 2022-க்குப் பிறகு ரஷ்யாவிலிருந்து வரவழைப்பது பல நாடுகளில் கடினமாகிவிட்டதால், மலிவு என்ற அதன் பெருமையும் மங்கத் தொடங்கியிருக்கிறது.

விலைக்கும் ஆழத்திற்குமான இந்த வாதத்தில் சேகரிப்பவர்களின் சினம் அதிகமாக வெளிப்பட்டது ஜப்பானின் செய்கோ எஸ்கேஎக்ஸ்007 நிறுத்தப்பட்டபோதுதான். 1996 முதல் விற்பனையிலிருந்து, ஏறத்தாழ 200 டாலருக்குக் கிடைத்துவந்த அந்த 200 மீட்டர் கடிகாரத்தின் இடத்திற்கு 2019-இல் அதே தோற்றத்தில் வந்தவை 100 மீட்டர் மட்டுமே தாங்குபவை. அவற்றின் கிரவுனில் மரையும் இல்லை. புதியவற்றின் இயந்திரம் மேம்பட்டது, கையாலும் சாவி கொடுக்கலாம் என்று ஒரு சாரார் வாதிட்டார்கள். நான் மறுசாராரின் பக்கம். முக்குளிப்புக் கடிகாரத்தின் தோற்றத்தை வைத்துக்கொண்டு அதன் உயிரான நீர்த்தடுப்பைக் குறைத்தது சரியன்று. பழையவற்றின் விலை சந்தையில் பின்னர் ஏறியது, பலரும் அவ்வாறே கருதினார்கள் என்பதைக் காட்டுகிறது.

முகப்பில் அச்சிட்ட அந்த மீட்டர் கணக்கை நம்பலாமா என்பது வாசகர் கேட்காமல் கேட்ட கேள்வி. நீருக்குள் கையை வீசினால் அழுத்தம் பல மடங்காகி 200 மீட்டர் கடிகாரமும் கெட்டுவிடும் என்று கடைக்காரர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். இது அறிவியல் உடையணிந்த மூடநம்பிக்கை. நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் கையை வீசினாலும், அதனால் கூடும் அழுத்தம் அரை மீட்டர் ஆழ நீரின் அழுத்தத்தைக்கூட எட்டுவதில்லை. ஆனால் முகப்பில் வெறுமனே 200 மீட்டர் என்றிருப்பதும், முக்குளிப்புக் கடிகாரங்களுக்கான ஐஎஸ்ஓ 6425 என்ற பன்னாட்டுத் தரப்படி 'டைவர்ஸ்' என்ற சொல்லோடு இருப்பதும் ஒன்றல்ல. அந்தத் தரத்தின்படி 200 மீட்டர் கடிகாரம் 25 சதவீதம் கூடுதலான அழுத்தத்தில் 2 மணி நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும். பிறகு அதைச் சூடாக்கிக் கண்ணாடியின் மேல் ஒரு துளி குளிர்ந்த நீரை விடுகிறார்கள். ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துப் பார்க்கும்போது உட்புறம் பனித்திருந்தால், எங்கோ ஈரம் புகுந்துவிட்டது என்று பொருள்.

எந்தத் தரச் சான்றும் ரப்பரின் முதுமையைத் தடுப்பதில்லை. வியர்வை, சோப்பு, நீச்சல்குளத்துக் குளோரின், வெந்நீர்க் குளியல் ஆகியவை கேஸ்கட்டை மெல்ல விறைக்கச் செய்கின்றன. விறைத்த ரப்பர் எவ்வளவு அழுத்தினாலும் விரிந்து இடைவெளியை நிரப்பாது. ஆகவே டூரோவோ சப்மரைனரோ, மின்கலம் மாற்றவோ பழுதுபார்க்கவோ பின்மூடியைத் திறக்கும்போதெல்லாம் கேஸ்கட்டையும் மாற்றச் சொல்லுங்கள். வாய்ப்பிருந்தால் அழுத்தச் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். அதன் பிறகு நீரில் இறங்கும்முன் நீங்கள் பார்க்க வேண்டியது, கிரவுன் முழுவதுமாக உள்ளே தள்ளப்பட்டிருக்கிறதா, மரையுள்ளதானால் இறுதிவரை திருகப்பட்டிருக்கிறதா என்பதை மட்டுமே.