ஊசிப்போகாத சோறும் படுக்கவைக்கும்

“நல்லாத்தான் இருந்துச்சு டாக்டரம்மா, ஊசிப்போகவே இல்லை.” கெடாவில் கோல கெட்டில் சுற்றுவட்டத் தோட்டங்களிலிருந்து வாந்தி பேதியோடு வருகிறவர்கள் பலரும் இதைத்தான் சொல்வார்கள். பொய்யில்லை. சோற்றை ஊசவைக்கும் கிருமிகள் வேறு, நம்மைப் படுக்கவைக்கும் கிருமிகள் பெரும்பாலும் வேறு. சால்மொனெல்லா என்ற கிருமி ஏறிய கோழிக் குழம்பு கமகமவென்றுதான் இருக்கும்.

போன வருடம் ஒரு திங்கட்கிழமை காலை, ஒரே லயத்திலிருந்து ஏழு பேர் வந்தார்கள். காய்ச்சல், வயிற்றுக் கடுப்பு, பேதி. ஒருவர் ஞாயிறு இரவு தின்ற பர்கரைத் திட்டினார். இன்னொருவர் பசியாறிய நாசி லெமாக்கை. கடைசியாகச் சாப்பிட்டதன் மேல்தான் எல்லோருக்கும் சந்தேகம் போகும்.

நான் பார்ப்பது மணிக்கணக்கை. சாப்பிட்டு 1 முதல் 6 மணி நேரத்துக்குள் வாந்தி பிடுங்கினால், உணவிலேயே நஞ்சு ஊறியிருக்கலாம். வெளியில் கிடந்த சோற்றிலும் மீஹூனிலும் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமி செய்யும் வேலை அது. திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. சால்மொனெல்லா அப்படியல்ல, 6 மணி நேரத்திலும் காட்டும், 3 நாள் கழித்தும் காட்டும். சரி, சனிக்கிழமை எங்கே சாப்பிட்டீர்கள்?

ஏழு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரே கல்யாணம். வயிறார வாழ்த்திவிட்டு வந்த வீட்டைக் காட்டிக்கொடுக்க யாருக்கும் மனசில்லை. ஆனால் 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டப்படி நச்சுணவு என்று சந்தேகம் வந்தாலே 24 மணி நேரத்துக்குள் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு நாங்கள் சொல்லியாக வேண்டும். மிச்சக் குழம்பு டப்பாவில் யார் யார் வீட்டுக்குப் போயிருக்கிறது என்பதல்லவா அவசரம்! 2018இல் இதே பாலிங் மாவட்டத்தில் லக்சா சாப்பிட்டு 80க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், 2 பேர் இறந்தார்கள். அதுவும் சால்மொனெல்லாதான்.

ஏழு பேரில் ஒரு பாட்டிக்கு மட்டும் நாக்கு வறண்டு, சிறுநீர் நின்றிருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். மற்றவர்களுக்கு உப்புச்சர்க்கரைக் கரைசல் போதுமாக இருந்தது. காய்ச்சலோ ரத்தமோ இருக்கும்போது, பேதியை நிறுத்தும் மாத்திரையைக் கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

அப்புறம் சமையல்காரரைப் போனில் பிடித்தேன். “நான் டைபாய்டு ஊசி போட்டவன்” என்றார் எடுத்த எடுப்பில். அந்த ஊசி டைபாய்டுக்குத்தான். குழம்புக்குக் காவல் இருக்காது.

“கோழியை எத்தனை மணிக்கு இறக்கினீங்க அண்ணே?”

“விடிகாலை மூணு மணிக்கெல்லாம் எல்லாம் முடிச்சாச்சும்மா.” குரலில் பெருமை. பந்தி மதியம் ஒரு மணிக்கு. சமைத்து 4 மணி நேரத்துக்குள் சாப்பிடச் சொல்கிறோம். இங்கே 10 மணி நேரம்.

“வெள்ளரிக்காயை எந்தப் பலகையில் நறுக்கினீங்க? பச்சைக் கோழி வெட்டின பலகையிலேயா?”

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“ஒரு பலகைதாம்மா இருந்துச்சு.”